கயிற்றில் பதின்மூன்று மிதவைகள்

கயிற்றின் இடது கோடியில் தொங்கும் மிதவையை அங்கமுத்து அண்ணன் கழற்றுகிறார். முடிச்சைப் பார்ப்பதே இல்லை. ஒரு விரலால் ஒரு இழுப்பு, கையோடு வந்துவிடுகிறது. அதை வலது கோடிக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார். மற்றவற்றை ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்த்திவிடுகிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"சாலமன் வூடு! இன்னிக்கி மொத பாடு ஒங்களுது. கொடத்த எடுத்துக்கினு வாங்க. அப்பால வந்து அந்தப் பேச்சு இந்தப் பேச்சு பேசக் கூடாது!"

மணி ஆறாக இன்னும் கால் மணி நேரம் இருக்கும். தண்ணீர் டிராக்டர் வர இன்னும் நேரம் இருக்கிறது.

பழவேற்காட்டில் பொன்னேரி சாலையை ஒட்டிப் புதிதாக எழும்பிய ஆசீர் நகரில் எங்களுடையது மூன்றாவது தெரு. பதினான்கு வீடுகள். பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். வாத்தியார் வீடு ஒன்று, ஓய்வு பெற்றவர்கள் வீடு இரண்டு. எல்லா வீட்டு முகப்பிலும் டைல்ஸ் இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும், மூன்று வீட்டு வாசலில் உறை போட்ட கார் நிற்கும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான், குடிக்கிற தண்ணீர். எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் ஏரியின் உப்புத்தான் மேலே வருகிறது. அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் பழுப்பாகும், டீ திரிந்துபோகும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் டிராக்டர் தொட்டியில் வருகிற தண்ணீரை நம்பித்தான் இத்தனை டைல்ஸ் வீடுகளும் பிழைக்கின்றன.

அங்கமுத்து அண்ணன் வருவதற்கு முன்னால் டிராக்டர் சத்தம் கேட்டால் தெரு போர்க்களமாகும். குழாயை முதலில் பிடித்தவர் விடமாட்டார். கம்பெனி மேனேஜர் மனைவியும் வாத்தியார் மனைவியும் ஒரே குடத்தின் இரண்டு பக்கத்தைப் பிடித்து இழுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள்தான் அவர்கள்.

அண்ணனுக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில். மகன் பூவரசன் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குப் போய், கடன் வாங்கி இங்கே வீடு கட்டினான். முட்டி வலியால் அண்ணன் படகில் தொழிலுக்குப் போக முடியாமல் ஆனதும் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துவந்துவிட்டான். ஏரிச் சேற்றிலேயே நடந்து நடந்து அண்ணனின் கால்விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். மகன் வாங்கித் தந்த ஷூவுக்குள் அவை போகவில்லை. அந்த ஷூ இப்போதும் டிவிக்குப் பக்கத்தில், பெட்டியோடு, கல்யாணப் பரிசு மாதிரி இருக்கிறது.

வந்த முதல் வாரம் தண்ணீர்ச் சண்டையைப் பார்த்துவிட்டு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "இன்னா ரோசிம்மா இது, படிச்ச ஜனங்க இப்டி அட்ச்சிக்கிறீங்க? ஒரு பாடு வச்சிக்கக் கூடாதா?" என்றார்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஓடுவதில்லை. ஓடுகிற ஓடைகள் சிலதான். அங்கே இன்றைக்கு யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். இன்றைக்கு நல்ல ஓடை கிடைத்தவன் நாளைக்குக் கடைசிக்குப் போவான். கடைசியில் இருந்தவன் ஒருநாள் முதலுக்கு வருவான். அண்ணன் அதை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். தன் பழைய வலையிலிருந்து மிதவைகளை அறுத்தெடுத்தார். வீட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினார். புங்க மரத்துக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். எங்கள் வீட்டு மிதவையில் என் கணவர் பெயர், பால்ராஜ் என்று இருக்கும். வீட்டுக்குப் பத்துக் குடம். அன்றோடு சண்டை நின்றது. தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளைகூட ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பார்த்து, "நாம இன்னிக்கி நாலாவது" என்று சொல்லும்.

தண்ணீரோடு நிறுத்தியிருந்தால் அவர் அங்கமுத்து அண்ணன் இல்லை. அவருக்கு உலகமே பாடுதான். பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் போய், "போகசொல்ல நீ குந்தின, வரசொல்ல அவரு குந்தட்டும்" என்பார். முடிவெட்டும் கடையில் பேப்பரை ஒருவரே அதிக நேரம் வைத்திருந்தால் இவருக்குக் கை துறுதுறுக்கும். வீட்டில் டிவி ஒருநாள் அவர் செய்திக்கு, ஒருநாள் மனைவி இருசம்மாளின் சீரியலுக்கு. காலையில் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். ஒரே காக்கை இரண்டாம் முறை வந்தால் துண்டை வீசி விரட்டுவார். "நீ துன்ட இல்ல? போ. அதும் பாடு இது."

"காக்காக்குள்ள ஆளு அடையாளம் தெரிது இவருக்கு" என்று இருசம்மாள் அக்கா என்னிடம் சொல்வார். "எம் பொறந்த நாளு தெரியாது."

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டார். அவரை மட்டும் சொல்வானேன், நாங்கள் எல்லோருமே விட்டோம். வீடு பதினான்கு, கயிற்றில் மிதவை பதின்மூன்று.

கயிறு கட்டும்போது கோடி வீடு காலியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதில் சுதா வாடகைக்கு வந்தாள். சுண்ணாம்புக்குளத்துப் பெண், பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மஞ்சள் காமாலையில் தவறி மூன்று வருடம் ஆகிறது. நான்காவது படிக்கும் மகள் வைஷ்ணவியைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை. அங்கமுத்து அண்ணனை அவள் வந்த நாளிலிருந்தே நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அண்ணன் அவளுக்கு மிதவை போடவில்லை. "நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத பாப்பா. எல்லாரும் புட்ச்சதும் மிச்சத்த நீ புட்ச்சிக்க. பத்தலன்னா நான் ஊத்தறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அவர் பங்குப் பத்துக் குடத்தில் இரண்டை, மறக்காமல், முட்டி வலியோடு சுமந்துபோய் அவள் வாசலில் வைத்தார். அதைப் பார்த்து நாங்கள் நெகிழ்ந்துபோனோம். எத்தனை நல்ல மனசு என்று பேசிக்கொண்டோம். ஆலயத்தில் போதகர் ஏழை விதவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் கலங்குகிறவள் நான். கயிற்றை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும்.

மிச்சத்துக்கு நிற்பதில் சுதாவுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. பதின்மூன்று வீடும் பிடித்து முடிக்க ஏழு மணியாகும். காலை டூட்டிக்கு அவள் ஆறு நாற்பது வண்டியைப் பிடித்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்: "ரெண்டு தடவ லேட்டாப் பூட்டேன்க்கா. இன்னொரு தடவ லேட்டுன்னா நிரந்தரமா நைட் டூட்டில போட்ருவேன்னு பெரிய சிஸ்டர் சொல்ட்டாங்க. நைட்டெல்லாம் வைஷ்ணவிய தனியா வுட்டுட்டு நான் எப்டிப் போவேன்?"

எனக்கு அவளுக்காக ஜெபிக்கத் தோன்றியது. ஜெபித்தேன். அவளுக்கு வேறு விதமாகத் தோன்றியிருக்கிறது.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. டிராக்டர் முக்கால் தொட்டியோடு வந்தது. கடைசி மூன்று வீட்டுக்கு இரண்டிரண்டு குடம்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு குழாயில் காற்றுத்தான் வந்தது. அண்ணனுக்கு அன்று மூன்றாவது பாடு, முன்பே பிடித்துவிட்டார். வழக்கம்போல இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனார். அங்கே படியில் சுதாவின் குடங்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளை யூனிபாரத்தில், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"இன்னா பாப்பா, கொடத்தக் கவுத்து வச்சிக்கீற? தண்ணி வேணாமா?"

"வேணும் நைனா. இப்டி வேணாம்."

"இப்டின்னா?"

"நீங்க குடுத்து நான் வாங்கறாப்ல வேணாம். எனக்கும் ஒரு பாடு போடுங்க."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த டிராக்டர்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் குடத்தை இறக்கவுமில்லை, தூக்கிப் பிடிக்கவுமில்லை. இடுப்பில் இருந்தபடியே தண்ணீர் அலம்பி அவர் லுங்கியை நனைத்தது.

"பொம்பளைக்கு ஏதும்மா பாடு?" என்றார். அதட்டலாக இல்லை, புரியாமல்தான் கேட்டார். "எங்க ஊர்ல கல்யாணம் கட்ன ஆம்பளைக்குத்தான் பாடு. வலை கட்றவன் அவன்தான?"

"இங்க யாரு நைனா வலை கட்றாங்க? கொடத்தத் தூக்கிக்கினு வந்து நிக்கிறது பூரா பொம்பளைங்க. கயித்துல தொங்கறது பூரா ஆம்பள பேரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானாகக்கூட இருக்கலாம்.

"ஒனக்கு நான் கொற வச்சனா பாப்பா?"

"வக்கல நைனா. நீங்க நல்லவரு. ஆனா பாடு இருந்தா நான் இன்னொருத்தர்கிட்ட மாத்திக்கலாம் இல்ல? காலம்பற டூட்டின்னா முன்னாடி வாங்கிக்கலாம், மத்தியான டூட்டின்னா பின்னாடி போயிக்கலாம். கைல ஒண்ணுமே இல்லாதவ இன்னாத்த மாத்துவா?"

சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். டிரைவர் பார்த்து வேகத்தைக் குறைத்ததால் அன்று தப்பித்தாள்.

அங்கமுத்து அண்ணன் இரண்டு குடத்தோடும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனார். எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரு மதில்தான். காது கொடுக்க வேண்டியதில்லை, தானாகக் கேட்கும்.

"யோவ், ஒண்ணு கேக்கட்டா?" என்றார் இருசம்மாள் அக்கா.

"இன்னா?"

"நாளைக்கு நீ போய்ச் சேந்துட்டன்னா கயித்துல நம்ம மெதவக் கட்டைய அவுத்துப்புடுவாங்களா?"

"காலங்காத்தால இன்னாடி பேச்சு இது?"

"பேச்சு இல்ல, கேக்கறேன். நீ இருந்தா எனக்குப் பத்துக் கொடம். நீ பூட்டா நான் அங்க போயி மிச்சத்துக்கு நிக்கணும். அப்டித்தான?"

"பூவரசன் பேருல போட்ருவாங்க."

"அவன் வெளியூரு மாத்திக்கினு போயிட்டா?"

இட்லித் தட்டு நகர்ந்த சத்தம் கேட்டது. "துன்னுட்டுப் போய்யா" என்று அக்கா கூப்பிட்டதும், கேட் கதவு சாத்தியதும் கேட்டது.

அன்று முழுவதும் அவரைக் காணவில்லை. பசியாவரத்துக்குப் போயிருக்கிறார் என்று மாலையில் தெரிந்தது. புதன்கிழமை பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்தார். கையில் ஒரே ஒரு மிதவை. ஓரத்தில் ஏரிச் சிப்பி ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தது. வாசலில் உட்கார்ந்து அதைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல கேட்டீங்களாண்ணா?" என்றேன்.

"கேட்டேன் ரோசிம்மா. தெருக் கொழாய்க்கு எவனாச்சும் பாடு வப்பானான்னு சிரிச்சானுங்க. பொம்பள சமாச்சாரத்தச் சொன்னா, அது ஏரி வழக்கம், ஒந்தெருக்கு நீதான் யோசிக்கணும்னுட்டானுங்க. சொம்மா சொல்லக் கூடாது, மீன் கொழம்பு போட்டானுங்க." அப்படிச் சொன்னவர் கொஞ்ச நேரம் சுரண்டுவதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு கேக்கறவரிக்கும் எனக்குக் கண்ணுல படவே இல்ல பாரு."

வியாழக்கிழமை காலை கயிற்றின் வலது கோடியில் பதினான்காவது மிதவை தொங்கியது. பச்சைப் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. சுதா என்று இரண்டே எழுத்து.

அண்ணன் தெரு நடுவில் நின்றார். "இன்னிலேந்து பதினாலு பாடு. வூட்டுக்கு ஒம்பது கொடம்."

சத்தம் எழுந்தது. ஒரு குடம் குறைகிறது என்றால் சும்மாவா? சுப்பராயலு சார் முன்னால் வந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், எதையும் மனு மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு முதல் பாடு அவருடையது.

"அங்கமுத்து, நியாயம்னா எல்லாருக்கும் நியாயமா இருக்கணும். எங்க வீட்ல ஆறு பேரு. அவங்க ரெண்டு பேரு. அவங்களுக்கும் ஒம்பதா?"

"ஆமா சார். ஒங்களுக்கு எதிர் வூட்லயும் ரெண்டு பேருதான். அவங்க பத்துக் கொடம் புடிக்கசொல்ல நீங்க எண்ணல."

சார் எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பு என்னுது சார்" என்றார் அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் ஆம்பளய எண்ணிட்டேன். அடுப்ப எண்ணியிருக்கணும். தண்ணி அடுப்புக்குத்தான போவுது?"

டிராக்டர் வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த பாடு கடைசிக்குத்தான் போகும், அது முறை. சுதா கயிற்றை ஒருதரம் பார்த்தாள். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நேராகச் சுப்பராயலு சாரிடம் போனாள்.

"அண்ணா, எனக்கு இந்த வாரம் காலம்பற டூட்டி. ஒங்க மொத பாட்ட எனக்குக் குடுத்துட்டு என் கடைசிப் பாட்ட நீங்க எடுத்துக்கிறீங்களா? எனக்கு மொத பாடு வர்ற அன்னிக்கி நீங்க எடுத்துக்குங்க."

சார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது இரண்டு பாட்டுக்காரர்களுக்குள் நடக்கிற பேச்சு, நடுவில் அவருக்கு வேலை இல்லை.

"கடைசின்னா தண்ணி வருமாம்மா?" என்றார் சார்.

"ஒம்பது கொடம் கணக்குக்கு வரும்ணா."

"நான் எங்க ஆபீஸுக்கா ஓடப் போறேன்... எடுத்துக்கோ. ஆனா அன்னிக்கி மறந்துடக் கூடாது."

"மறந்தா நைனா வுடுவாரா?"

தெருவே சிரித்தது. அண்ணன் இரண்டு மிதவைகளையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டினார். சுதா ஒன்பது குடத்தையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். சாலைமுனை நிறுத்தத்தில் அவள் பஸ்ஸுக்காகச் சும்மா நின்று காத்திருந்ததை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தேன். அவளுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. நைட் டூட்டிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. சுப்பராயலு சாருக்கு அவர் முதல் பாடு திரும்பிவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் இரண்டு முறை மாற்றிக்கொண்டார்கள்; மற்ற காலை டூட்டி நாட்களில் சுதா வேறு வீடுகளோடு மாற்றிக்கொள்கிறாள். பொருமிக்கொண்டேதான் கொடுக்கிறார், ஆனால் கொடுக்கிறார். மீந்த தண்ணீர் இப்போது புங்க மரத்துக்குப் போகிறது. அது இந்த வருடம் நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

அங்கமுத்து அண்ணன் மாறவில்லை. மதில்மேல் காக்கையோடு இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. போன வாரம் இருசம்மாள் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே அவரைக் கேட்டார்: "அவளுக்குக் கட்ட போட்ட. எனக்கு?"

"ஒனக்குத்தான் இருக்குதே."

"அதுல யாரு பேரு இருக்குது?"

"நம்ம வூட்டுப் பேருடி."

"ஓ" என்றார் அக்கா. துணியை உதறிய சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மறுநாள் அவர்கள் வீட்டு மிதவையில் ஈரப் பெயிண்ட் பளபளத்தது. ஒரு பக்கம் பழையபடி அங்கமுத்து. இன்னொரு பக்கம், எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு, இருசம்மாள். நூலில் தொங்குவதால் ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் அது சுழன்று சுழன்று, ஒரு நேரம் இவர் பெயரும் ஒரு நேரம் அவர் பெயருமாகத் தெருவுக்குக் காட்டும்.

இன்று காலை சாலமன் வீட்டைக் கூப்பிட்டு முடித்துவிட்டு அண்ணன் திரும்பி நடந்தார். அந்த மிதவை அவர் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. கடந்து போகிற போக்கில் ஒரு விரலால் தொட்டு, அதை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.